முப்பத்தேழாவது இணைப்பு

தேயிலை மலையில் ஒரு நிரையை முடித்ததும் மற்ற பெண்கள் கூடையைச் சரிசெய்துகொண்டு அடுத்த நிரைக்கு நகர்ந்துவிடுவார்கள். சண்முகவடிவு அக்கா மட்டும் நின்று திரும்பிப் பார்ப்பார். வந்த வழியே கண்ணை மேலே ஓட்டி, எங்காவது ஒரு செடியில் கொழுந்து நீட்டிக்கொண்டு நின்றால், அந்தச் சரிவில் மறுபடி ஏறிப்போய்க் கிள்ளிவிட்டு வருவார். நான் தரம் ஆறில் படிக்கும்போதிருந்தே, பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குப் பாதையிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். கங்காணி சத்தம் போடுவார். என் அம்மா வீரம்மாவும் அதே கூட்டத்தில்தான் கொழுந்து பறித்தார். "ஏன் வடிவு, அந்த ஒத்தக் கொழுந்துலதான் தொரைக்கு வீடு கட்டணுமாக்கும்?" என்று அம்மாவே கேலி செய்வார். அக்கா ஏறிக்கொண்டே இருப்பார். நடுவில் விட்டுப்போன செடி அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் லயம். பன்னிரண்டு வீடுகளில் எங்களுடையது நாலாவது, வடிவக்காவுடையது ஏழாவது. அவருடைய கணவர் அழகன் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளைகள் இல்லை.

வடிவக்கா பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஏழு பாடங்களில் தேறியவர். கணிதத்தில் மட்டும் W, அதாவது சித்தியில்லை. அவர் படித்த பள்ளியில் பரீட்சைக்கு முந்திய இரண்டு வருடங்களும் கணித ஆசிரியர் இருக்கவில்லை. அடுத்த வருடம் தனியாக எழுதினார், அப்போதும் W. பதினெட்டு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து மலைக்குப் போனார். வாழ்க்கைக் கணக்கில் அவர் கெட்டிக்காரர், கொழுந்தின் எடையைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார் என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான். உண்மை அப்படியில்லை. பின்னம் வந்தால் அவர் தடுமாறுவார். பள்ளிக்கூடத்தில் யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக அது வரவும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு மழையில் வழுக்கி விழுந்து அவருடைய முழங்கால் பிசகியது. அதற்குப் பிறகு சரிவில் இறங்கும்போது ஒரு காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துச் சேர்த்துத்தான் இறங்குவார். அந்தக் காலோடு இன்னும் இருபது வருடம் மலையில் நிற்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில்தான் பிள்ளை மடுவத்தில் இடம் காலியாகப் போகிறது என்ற பேச்சு வந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. இப்போது சிறுவர் நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி அம்மா ஓய்வு பெறப்போகிறார். ஆபீஸ் சுவரில் ஒட்டிய அறிவித்தலில் இரண்டு நிபந்தனைகள்தான் முக்கியமானவை. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. சாதாரண தரத்தில் கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அக்காவுக்கு அப்போது முப்பத்து மூன்று. ஒரே ஒரு பாடம்தான் குறை.

நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். ஒரு விடுமுறையில் வந்திருந்தபோது வடிவக்கா எங்கள் வாசலுக்கு வந்தார்.

"கிருஷா, நீ கணக்குத்தானே படிக்கிற. லீவுல வர்றப்பல்லாம் எனக்குக் கொஞ்சம் சொல்லித் தர்றியா?"

சரி அக்கா, கட்டாயம் என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

விடுதிக்குத் திரும்பிய அடுத்த வாரம் எங்களுக்கு ஒரு ஒப்படை தந்தார்கள். ஒவ்வொருவரும் தம் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்து அறிக்கை கொடுக்கவேண்டும். 'இணையத்தில் கணிதம்: கற்கவும் கற்பிக்கவும் பயனுள்ள நாற்பது இடங்கள்' என்று ஒரு பட்டியல் தயாரித்தேன். விடுதியின் வைஃபையில் இரண்டு பிற்பகல்கள் ஆயின. ஆங்கிலத்தில் ஏற்கனவே இருந்த பட்டியல்களிலிருந்து எடுத்தவைதான் அதிகம். பாதிக்கு மேல் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வரிசை பற்றியும் சொல்லவேண்டும். விரிவுரையாளர் முதல் பக்கத்தைத்தான் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள், நுண்கணிதம் கற்பிக்கும் அலைவரிசைகள், சூத்திரம் கொடுத்தால் வரைபு போட்டுக்காட்டும் தளங்கள் எல்லாம் மேலே ஏறின. தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளை நடுவில் வைத்தேன். கல்வி அமைச்சின் தளம் முப்பத்தேழாவது. சாதாரண தரப் பாடப்புத்தகங்களும் கடந்தகால வினாத்தாள்களும் தமிழில், இலவசமாக அங்கே இருக்கின்றன. நான் அதை வைத்துத்தான் சாதாரண தரம் தேறினேன். ஆனாலும் அதை மேலே வைக்கக் கூச்சமாக இருந்தது. ஒரு பல்கலைக்கழக மாணவியின் பட்டியலில் முதலில் நிற்கத் தகுந்த பெயராக அது எனக்குத் தோன்றவில்லை.

ஒப்படைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. பட்டியலை என் படத்தோடு வாட்ஸ்அப்பில் போட்டேன். வடிவக்காவுக்குத் தனியாகவும் அனுப்பினேன். சொல்லித் தருவதாகச் சொன்னது அதோடு தீர்ந்துவிட்டதாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன் என்றால் அது பொய். அந்த வாக்கு எனக்கு ஞாபகமே வரவில்லை.

அன்று மாலை அக்காவின் குரல்பதிவு வந்தது. பின்னால் மழைச் சத்தம். "கெடச்சிச்சு கிருஷா. பெரிய வேல பாத்திருக்க. நான் மொதல்லருந்து புடிக்கிறேன்."

நான் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினேன்.

எங்கள் லயத்துக்குள் சிக்னல் இல்லை. மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது, அங்கேதான் கிடைக்கும். பின்னேரம் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, முகம் கழுவிவிட்டு அக்கா அந்தப் பாறைக்கு ஏறுவார் என்று அம்மா போனில் சொல்வார். இருட்டும்வரை ஒன்றரை மணி நேரம். மழைநாளில் படங்கைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, அதற்குள் போனைப் பிடித்துக்கொண்டு இருப்பாராம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இதுதான் பேச்சு. "வடிவுக்கு ஒரு வெள்ளக்காரன் கெடச்சிட்டான். தெனமும் பாறைக்கு வரச்சொல்லி என்னமோ பேசுறான், இவளும் தலையாட்டுறா" என்று சிரித்தார்களாம். அம்மா அதைச் சொல்லிவிட்டு, அவளுக்கு அது விளங்குதா என்று என்னிடம் கேட்டார். கேட்கக் கேட்க விளங்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. காணொளியை நிறுத்திவைத்து எடுத்திருந்தார். வெள்ளைப் பலகையில் ஒரு தொகையீடு. கீழே குரல்பதிவு: "கிருஷா, எல்லாத்துக்கும் முன்னால நெட்டையா ஒரு S போடுறாரே, அது என்னாம்மா?"

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்கவேண்டும். பின்னத்தில் தடுமாறும் ஒருவர் ஏன் தொகையீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். எனக்கு அப்போது இறுதிப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. 'அதெல்லாம் பிறகுதான் அக்கா, இப்ப தேவையில்ல' என்று எழுதி, ஒரு சிரிப்புமுகமும் போட்டேன். பிறகு வரும் இணைப்பில் அது விளங்கிவிடும் என்று அக்கா எடுத்துக்கொண்டார். மேலும் தொடர்ந்தார்.

மே மாதம் பரீட்சை. அதற்குப் பதினாறு நாட்கள் இருக்கும்போது நான் படிப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்த அன்று பின்னேரமே வடிவக்கா கூப்பிட்டார். ஏழாவது வீட்டின் முன்னறையில் ஒரு தடித்த சீஆர் கொப்பியை எடுத்து என் மடியில் வைத்தார்.

முதல் பக்கத்தில் 1 என்று போட்டு, என் பட்டியலில் இருந்த தளத்தின் ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியிருந்தார். கீழே தேதி. எத்தனை காணொளி, எத்தனை நிமிடம். 'திறக்குது.' 'ரீலோட் குடிக்குது.' 'இங்கிலீஸ், விளங்கல, படத்தப் பாத்தேன்.' இரண்டாம் இணைப்பு நாற்பத்தொரு நாள். நாற்பத்தொரு நாட்களாக அந்தப் பாறையில் உட்கார்ந்து, ஒரு சொல்லும் விளங்காமல், நுண்கணித விரிவுரை முழுவதையும் அவர் பார்த்து முடித்திருந்தார். பலகையில் எழுதியவற்றைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் வரைந்துமிருந்தார். கோலம் போடுவதுபோல அவ்வளவு சுத்தமாக.

நான் பக்கங்களைப் புரட்டினேன். பத்தொன்பதாவதில் நின்றிருந்தார். தமிழ்நாட்டுக் காணொளிகள் அங்கேதான் தொடங்கியிருந்தன. அங்கேதான் முதல்முறையாக 'விளங்குது' என்ற சொல் வந்தது. அதற்கடியில் இரண்டு கோடு.

"இன்னும் இருபத்தொன்னு இருக்கு" என்றார் அக்கா. "பதினாறு நாளுல முடிச்சிறலாமா? காலைல பெரட்டுக்குப் பேர் குடுக்க முந்தியும் ஏறலாம்னு பாக்குறேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டியலை அவர் ஒரு நிரையாகப் பிடித்திருந்தார். மேலிருந்து கீழே, ஒரு செடியும் விடாமல். எனக்கு ஒரு பட்டியல் என்றால் கண்ணை ஓட்டித் தேவையானதைப் பொறுக்குவது. அவரை அப்படிப் பொறுக்க யாரும் பழக்கவில்லை. மலையில் நல்ல செடியாகப் பார்த்துத் தாண்டித் தாண்டிப் பறிப்பவளைக் கங்காணி நிரையை விட்டே எடுத்துவிடுவார். இதையும் பல்கலைக்கழகம் போன ஒருத்தி வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதில் தாண்டலாம் என்று அவர் எப்படி நினைப்பார்?

இந்த இடத்தில் நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அக்கா, அந்த வரிசைக்கு அர்த்தம் இல்லை, நான் சும்மா போட்டது. பதினாறு நாள் இருந்தது. கடந்தகால வினாத்தாள்களில் ஆறேழு செய்திருந்தால்கூடச் சாதாரண சித்திக்கு ஒரு வழி இருந்திருக்கும். மூன்று வீடு தள்ளி நானும் சும்மாதான் இருந்தேன்.

கொப்பியை மூடினேன். "நல்லாத்தான் போகுதுக்கா" என்றேன். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, "அந்த முப்பத்தேழக் கொஞ்சம் முன்னாடியே பாருங்க, அது முக்கியம்" என்றேன்.

"அதுக்கு வர்றப்ப பாக்குறேன். நடுவுல தாண்டுனா அப்புறம் ஒன்னும் கூடி வராது."

சரி என்று எழுந்து வந்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலமுறை என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் மனம் உடைந்துபோகும் என்று பயந்தேன் என்பதுதான் நான் எனக்குச் சொல்லும் பதில். அது பாதி பொய். நாற்பத்தொரு நாட்களை நான் வீணாக்கியது தெரிந்தால் அவர் முகம் எப்படி மாறும், அம்மா என்ன சொல்வார், லயம் என்ன சொல்லும் என்றுதான் பயந்தேன். அடுத்த பதினாறு நாட்களும் அவர் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. விண்ணப்பங்கள் நிரப்பும் வேலை இருக்கிறது என்றேன். அம்மா ஒருநாள் என்னை உற்றுப் பார்த்தார். "ஒம் பேச்ச அவ சாமி வாக்கா எடுத்துக்கிட்டிருக்கா. ஒரு நாளாச்சும் போய்ப் பக்கத்துல ஒக்காரு புள்ள" என்றார். நான் போகவில்லை.

பரீட்சைக்கு அட்டனுக்குப் போனார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு மண்டபத்தில் சேலை கட்டியிருந்தது அவர் ஒருவர்தானாம். ஒரு பையன் அவரை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து நின்று, மேலதிகத் தாள் கேட்டிருக்கிறான். அதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். பிறகு சொன்னதில் சிரிப்பு இல்லை. இரண்டாம் தாளில் முதல் கணக்கு ஓரளவு வந்திருக்கிறது. இரண்டாவதில் சிக்கிக்கொண்டார். பகுதிக்கு ஐந்து வினா தெரிவு செய்யச் சொல்லி மேலேயே அச்சிட்டிருக்கும். அதை அவர் வாசித்திருந்தார். ஆனால் இரண்டை முடிக்காமல் மூன்றுக்குப் போக அவரால் முடியவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார். ஒரே ஒரு பழைய தாளைச் செய்து பார்த்தவர்கூட அந்தத் தவறைச் செய்யமாட்டார்.

செப்டெம்பரில் முடிவு வந்தது. பாறையில் நின்று போனில் அவருடைய பரீட்சைச் சுட்டெண்ணைப் போட்டுப் பார்த்தது நான்தான். W. அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கீழே ரயில் போகும் சத்தம் கேட்டது.

"நீ ஒழுங்காத்தான் குடுத்த" என்றார். "நான்தான் முழுசா முடிக்காமப் போயிட்டேன்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபரில் பிள்ளை மடுவத்துக்குக் கீழ்ப்பிரிவிலிருந்து சுதர்ஷினி என்ற பெண்ணை எடுத்தார்கள். நல்ல பெண், பிள்ளைகளுக்கும் பிடித்துவிட்டது. யாருக்கும் அவர் மேல் குறையில்லை. வடிவக்கா முன்போலவே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒரு காலை வைத்து மறு காலை இழுத்து, மலைக்குப் போய்வந்தார்.

பட்டியலையும் அவர் விடவில்லை. பரீட்சை முடிந்துவிட்டது, இடமும் போய்விட்டது. இருந்தாலும் இருபதிலிருந்து நாற்பதுவரை ஒவ்வொன்றாகப் போனார். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், கொப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அடுப்படியில் இருந்தார். அக்கா உட்காரவில்லை.

"முப்பத்தேழுல நாங்க படிச்ச புத்தகமே இருக்கு கிருஷா. பழைய பேப்பர் எல்லாம் வருஷம் வருஷமா தமிழ்ல இருக்கு. இத ஏன் கடைசில வச்ச?"

இனி மறைக்க இடமில்லை. "வரிசைன்னு ஒன்னும் இல்லக்கா" என்றேன். "படிச்சவங்க பாத்தா நல்லாருக்கணும்னு பெரிய பெரிய பேர மேல போட்டேன். பாதிய நான் தொறந்தும் பாக்கல."

"பரீட்சைக்கு முந்தி கொப்பியப் பாத்தியே. அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். வடிவக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார், ஏதோ சின்ன எழுத்தை வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்போல.

"எங்க கூட்டத்துல ஒருத்தி அப்படிப் பண்ணியிருந்தா நான் மூஞ்சில துப்பியிருப்பேன்" என்றார். "நீ படிச்ச புள்ள. ஒன்ன என்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல."

பிறகு கொப்பியின் பின்பக்கத்தைத் திறந்து வைத்தார். நாற்பதையும் அவர் மாற்றி அடுக்கியிருந்தார். முதலில் பழைய தாள்களும் பாடப்புத்தகமும். எந்தத் தாளில் எந்தப் பாடம் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு குறிப்பு. இரண்டாவது ஜியோஜீப்ரா என்ற வரைபுச் செயலி. 'ஒருதடவ எறக்கிட்டா அப்புறம் சிக்னல் வேணாம், லயத்துக்குள்ளயே கோணம் வரையலாம்.' அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக் காணொளிகள். அவற்றில் எது எங்கள் பாடத்திட்டத்துக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பெருக்கல் குறியும் சரிக் குறியும். பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. அங்கே கர்ணம், இங்கே செம்பக்கம். அங்கே ஆரம், இங்கே ஆரை. அங்கே இயற்கணிதம், இங்கே அட்சரகணிதம். அங்கே கணம், இங்கே தொடை. அறுபத்தெட்டுச் சோடிகள். அந்தக் காணொளிகளில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் வேறு சொல்லைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். நான்கு வருடம் கணிதம் படித்த எனக்கு அப்படி ஒன்று செய்யத் தோன்றியதில்லை. திறக்காதவை பதினொன்றைத் தனியாக ஒதுக்கி, 'ஒடஞ்ச செடி' என்று தலைப்புப் போட்டிருந்தார்.

"லயத்துப் புள்ளைங்க பத்துப் பேரு பரீட்சைக்கு நிக்குதுங்க. அதுங்களுக்கு இத ஒழுங்கா அடிச்சு அனுப்பு."

அனுப்புகிறேன் என்றேன். அவருடைய பெயரையும் போடுகிறேன் என்றேன்.

"இப்ப வேணாம். W வாங்குனவ போட்ட பட்டியல்னா யாரு தொறப்பா? நான் பாஸ் பண்றேன். அப்புறம் போடு."

அந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, மூன்று வாரம் உட்கார்ந்து தட்டச்சுச் செய்தேன். புதிய பட்டியல் பழையதைப்போல் இல்லை. ஆசிரியர்கள் அதைக் கைமாற்றினார்கள். அட்டனில் ஒரு அமைப்பு அதைச் சிறு கைநூலாக அச்சடிக்க முன்வந்தது. அட்டையில் 'தொகுப்பு: எம். கிருஷாந்தி, விஞ்ஞானமாணி' என்று வந்தது. நான் அப்படிக் கேட்கவில்லை. அப்படி வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த நூலை வைத்து ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். நடத்தியவர் ஜெகதீஸ்வரி மிஸ், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே கணிதம் படிப்பிப்பவர். சொல் அட்டவணைப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இதுதான் பிள்ளை எங்களுக்கு இவ்வளவு நாளும் இல்லாமல் இருந்தது. இந்த அட்டவணை ஆர் செய்தது? நீரே செய்தனீர்?"

மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள்.

"ஓம் மிஸ்" என்றேன். ஆமாம் என்பதற்கு எங்கள் வீட்டில் யாரும் ஓம் என்று சொல்லமாட்டார்கள், அது மிஸ்ஸின் யாழ்ப்பாணப் பேச்சு.

வடிவக்கா மார்ச்சில் மறுபடி பரீட்சை எழுதினார். நான் அப்போது அட்டனில் அறை எடுத்துத் தனியார் வகுப்புகளில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வந்து சொல்லித் தரவா என்று கேட்டேன். வேண்டாம், பேப்பர் இருக்கிறது, அதுவே போதும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பதினாறு வருடத் தாள்களை வரிசையாகச் செய்து முடித்திருந்தார். பதினேழாவதாக ஒரு தாளைத் தாண்டித் தாண்டிச் செய்து பழகினாராம், வராத கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஜூலையில் முடிவு வந்தபோது அவர் சொல்லாமலே நான் அவருடைய சுட்டெண்ணைப் போட்டுப் பார்த்தேன். C. வெறும் சாதாரண சித்தியான S அல்ல, திறமைச் சித்தி. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து ஏன் அழுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா பாஸ் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

அடுத்த மாதம் அக்காவுக்கு முப்பத்தாறு தொடங்கிவிடும். இன்னொரு பிரிவில் எப்போதாவது இடம் வந்தாலும் அவரால் விண்ணப்பிக்க முடியாது. அந்தச் சான்றிதழை அழகன் அண்ணன் கொழும்பில் சட்டம் போட்டுக் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருக்கிறார். முழங்காலுக்கு ஏதோ தைலம் தடவிக்கொண்டு அக்கா இன்னும் மலைக்குத்தான் போகிறார்.

கைநூலின் இரண்டாம் பதிப்பு போன மாதம் அச்சுக்குப் போனது. அதற்கு முன் திருத்தம் ஏதாவது உண்டா என்று அமைப்பிலிருந்து கேட்டார்கள். ஆசிரியர் நியமனத்துக்கான என் விண்ணப்பத்தில் அந்த நூலை என் ஆக்கமாகக் காட்டியிருக்கிறேன். நேர்முகத் தேர்வு இன்னும் நடக்கவில்லை. ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெயர் ஏன் அட்டையில் வருகிறது என்று கேட்டால், முதல் பட்டியலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும். எழுத்துப் பிழைகள் நாலைந்தை மட்டும் குறித்து அனுப்பினேன்.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். புதிய பதிப்பில் ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். அட்டையைப் பார்த்தார். உள்ளே முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். தாள் நல்ல தாள் என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.